மாதிரி ரயிலுக்கு அசையாத, மட்டமான மேடை: அளவெடுப்பது முதல் தண்டவாளத்துக்குத் தயாராவது வரை

வீட்டில் மாதிரி ரயில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினையும் பெட்டிகளையும் முதலில் வாங்கிவிட்டு, அவற்றைத் தரையிலோ சாப்பாட்டு மேசையிலோ ஓட்டிப் பார்த்து அலுத்த பிறகுதான் மேடையைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் பெட்டி தடம் புரள்வதற்கும், நிறுத்திய இடத்தில் நிற்காமல் நகர்வதற்கும் எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை. பல நேரங்களில் குற்றம் அடியில் இருக்கும் மரத்தில்தான் இருக்கிறது. எச்.ஓ. ஸ்கேலில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு அளவில், சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஆழம் ஏறக்குறைய 0.6 மி.மீ. மட்டுமே. மேடையின் இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் வந்தாலே அந்த விளிம்பு பிடிப்பை இழந்துவிடக்கூடும். ஊசிமுனை அச்சுகள் பொருத்திய நல்ல பெட்டிகளோ, ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவிலேயே தாமாக உருளத் தொடங்கிவிடும்.

தரை மட்டமாக இருக்கும், சுவர் நேராக இருக்கும், கடையில் வாங்கிய மரம் கோணாமல் இருக்கும் என்று நம்பித் தொடங்கினால் இந்தத் துல்லியம் கிடைக்காது. இவை மூன்றுமே பொய் சொல்லும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பின்னால் திருத்திக்கொள்ள ஒரு வழியை விட்டுவைத்தால்தான் கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தின் மேல்தான் எழுதப்பட்டுள்ளது.

எடுத்துக்காட்டாக ஒரு மேடையை வைத்துக்கொள்வோம்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் ஒரு மூலையில் இரண்டு சுவர்களை ஒட்டி நிற்கும் 'ட' வடிவ மேடை ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நீண்ட பகுதி 240 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்டது. குறுகிய பகுதி 120 செ.மீ. நீளமும் அதே 60 செ.மீ. அகலமும் கொண்டு, நீண்ட பகுதியின் ஒரு முனையில் முன்பக்கமாகப் பொருந்தும். வண்டி ஒரு நிலையத்திலிருந்து கிளம்பி மூலையில் திரும்பி மற்றொரு நிலையத்தை அடையும். வட்டமாகச் சுற்றி ஓடவேண்டும் என்பவர்கள் இந்த அகலத்தில் ஏமாந்து போவார்கள், எச்.ஓ. ஸ்கேலில் மிகக் குறைந்த வளைவாரமாகப் பலரும் வைத்துக்கொள்ளும் 45.7 செ.மீ., அதாவது 18 அங்குலம், ஒரு முழு வட்டமாகத் திரும்ப வேண்டுமானால் ஓரங்களுக்கான இடத்தையும் சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல் அகலம் தேவை. சுவரை ஒட்டிய ஒரு மீட்டர் அகல மேசையில் பின்னால் கவிழ்ந்த பெட்டியை எட்டி எடுக்க முடியாது. கை வசதியாக எட்டுவது 60 செ.மீ.; மிஞ்சிப் போனால் 75 செ.மீ. இடம் இருக்கிறதே என்பதற்காக இதைத் தாண்டாதீர்கள்.

உயரத்துக்கு 105 செ.மீ. நல்ல தொடக்கம். நின்றுகொண்டு ஓட்டுபவருக்கு வண்டி பக்கவாட்டில் தெரியும். அடியில் ஒயர் இணைக்கக் குனிந்து உட்காரவும் இடம் கிடைக்கும். குழந்தைகளும் ஓட்டுவார்கள் என்றால் 90 செ.மீ. போதும். முடிவு செய்வதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். நம் வீடுகளில் ஜன்னலின் அடிக்கட்டு பெரும்பாலும் மூன்று அடி உயரத்தில் இருப்பதால், உள்பக்கமாகத் திறக்கும் கதவுகள் மேடையில் இடிக்கும். சுவிட்ச் போர்டு, பீரோக் கதவு, அறைக் கதவு திறக்கும் வீச்சு ஆகியவற்றையும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட வேண்டும். மேடைக்கு முன்னால் ஆள் நிற்க 75 செ.மீ. இருக்கட்டும்.

மொட்டை மாடி அறையில் அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட கூரையின் கீழ் கோடையில் ஏறும் வெப்பம் மரத்தை உலர்த்திச் சுருக்கும், மழைக்காலத்து ஈரம் அதை மீண்டும் உப்ப வைக்கும். வேறு அறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஏன் வெறும் பலகை போதாது

ஒரு மேசையின் மேல் பிளைவுட் ஷீட்டை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்த 12 மி.மீ. பிளைவுட் தன் எடையாலேயே சில மாதங்களில் தாங்கல் இல்லாத இடங்களில் தொய்ந்துவிடும். மரத்துண்டின் விறைப்பு அதன் செங்குத்து ஆழத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆழத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். 75 மி.மீ. அகலமும் 18 மி.மீ. தடிமனும் உள்ள ஒரே பட்டையைப் படுக்க வைப்பதை விட நிறுத்தி வைத்தால் ஏறக்குறைய 17 மடங்கு விறைப்புக் கிடைக்கும். ஆகவே மேடைக்கு வலுவைத் தருவது தடித்த பலகை அல்ல, நிறுத்தி வைத்த மெல்லிய சட்டங்கள்.

நிறுத்திய சட்டங்களை ஏணிப்படிகள் போல் குறுக்கே அடுக்கும் கட்டச் சட்டகம் ஒரு முறை. அமெரிக்காவின் 'மாடல் ரெயில்ரோடர்' இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960களில் பரப்பிய 'எல்' உத்திர முறை இன்னொன்று; அதில் இரண்டு நீண்ட உத்திரங்களின் மேல் குறுக்குச் சட்டங்களைக் கிடத்தி, எல்லா ஸ்க்ரூவையும் அடியிலிருந்தே ஏற்றுவார்கள். மேலே மலையும் மரமும் அமைத்த பிறகும் கீழே படுத்துக்கொண்டு ஒரு சட்டத்தைக் கழற்றி நகர்த்த முடியும் என்பது அதன் பெரிய வசதி. பெரிய அறைகளுக்கு அது அருமையான முறை. நம் எடுத்துக்காட்டின் அளவுக்கு, வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லவும் தோதாக இருக்கும் கட்டச் சட்டகத்தையே பரிந்துரைக்கிறேன். அடியிலிருந்து ஸ்க்ரூ ஏற்றும் வெஸ்ட்காட்டின் பழக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வோம்.

இரண்டே ஷீட்டில் எல்லாம்

மரவாடியில் மூன்றுக்கு ஒன்று அங்குலச் சட்டங்களை அறுத்து வாங்குவது பழைய வழி. தேக்கு இந்த வேலைக்கு வீண் செலவு. விலை குறைந்த பைன் கட்டைகளோ பல நேரங்களில் முழுதாகக் காயாமல் வருகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு முறுக்கிக்கொள்ளும். இதனால் சட்டங்களையும் பிளைவுட்டிலிருந்தே கீறி எடுப்பதுதான் என் விருப்பம். அடுக்குகள் மாறி மாறிக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் பிளைவுட் பட்டை கோணுவது அரிது.

18 மி.மீ. தடிமனுள்ள எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்றை வாங்கி, கடையிலேயே இயந்திர ரம்பத்தில் 75 மி.மீ. அகலப் பட்டைகளாக நீளவாக்கில் கீறச் சொல்லுங்கள். ரம்பம் தின்னும் 3 மி.மீ.-ஐக் கழித்தாலும் 15 பட்டைகள் வரும். இரண்டு பகுதிகளின் நெடுஞ்சட்டங்களுக்கு 3 பட்டைகள், 56.4 செ.மீ. நீளமுள்ள 11 குறுக்குச் சட்டங்களுக்கு 3 பட்டைகள், ஆறு கால்களுக்கு 6 பட்டைகள் என்று 12 போக, மீதி மூன்றும் முட்டுக் கொடுக்க உதவும். மேல்தளத்துக்கு 12 மி.மீ. ஷீட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஒரு பாதி நீண்ட பகுதிக்கு ஆகும். மற்றப் பாதியைக் குறுக்கே வெட்டினால் குறுகிய பகுதிக்கும் போக 120 செ.மீ. துண்டு ஒன்று மிஞ்சும். அது பிறகு பயன்படும், எறிந்துவிடாதீர்கள்.

தரத்தைப் பொறுத்தவரை கடற்கரை ஊர்களில் கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். தரமே பாதுகாப்பு, மற்ற ஊர்களில் ஓரளவு ஈரம் தாங்கும் எம்.ஆர். தரமும் ஈரம் படாத அறைக்குப் போதும். ஷீட்டை நிறுத்தி வைத்து ஓரத்தை ஒரு கண்ணால் நோக்குங்கள். அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் வேறு ஷீட் கேளுங்கள், ஏனென்றால் நாம் ஸ்க்ரூ ஏற்றப்போவது அந்த ஓரத்தில்தான். இவற்றோடு இரண்டு மீட்டர் 25 மி.மீ. சதுர ரீப்பர், கால் நுனிகளுக்கு இரண்டு அங்குலச் சதுரக் கட்டை ஒரு மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுகள், அவற்றுக்காக மரத்தில் அடித்துப் பதிக்கும் டீ நட்டுகள், ஸ்க்ரூக்கள், பெவிக்கால் ஆகியவை தேவைப்படும்.

சட்டகம் கோத்தல்

முதலில் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஆழத்தின் நடுவில் 20 மி.மீ. துளைகள் இரண்டு போட்டுவிடுங்கள். பின்னால் ஒயர்கள் இந்த வழியாகத்தான் செல்லும். சட்டம் வளையும்போது மேல் ஓரமும் கீழ் ஓரமும்தான் பாரத்தைத் தாங்குகின்றன என்பதால் நடுவில் போடும் துளை வலுவைக் குறைக்காது. கோத்த பிறகு டிரில்லை உள்ளே நுழைக்க இடம் இருக்காது என்பதாலேயே இதை முதலில் சொல்கிறேன்.

நெடுஞ்சட்டங்கள் இரண்டையும் அருகருகே வைத்து, 40 செ.மீ.-க்கு ஒரு குறியாக இரண்டிலும் ஒரே நேரத்தில் கோடு இழுங்கள். நீண்ட பகுதிக்கு ஏழு குறுக்குச் சட்டங்கள், குறுகியதற்கு நான்கு. ஒவ்வொரு சந்திப்பிலும் 2.5 மி.மீ. துளை போட்ட பிறகே ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும். துளையில்லாமல் ஏற்றினால் பிளைவுட்டின் ஓரம் பிளந்துவிடும். ஓரத்தில் ஏறிய ஸ்க்ரூவின் பிடிப்பு எப்படியும் குறைவுதான். ஆகவே உள்மூலைகளில் 65 மி.மீ. நீள ரீப்பர் துண்டை நிறுத்திப் பெவிக்கால் தடவி, இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டுவிட வேண்டும். உண்மையான பிடிப்பு இந்தச் சிறு கட்டைகளில்தான் இருக்கிறது. அவசரத்தில் இதைத் தவிர்த்த சட்டகம் ஒரு வருடத்தில் கிறீச்சிடத் தொடங்கும்.

பசை காய்வதற்குள் இரண்டு சோதனைகளை முடித்துவிடுங்கள். முதலாவது மூலைவிட்டம். 240-க்கு 60 சட்டகத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 247.4 செ.மீ. இருக்க வேண்டும், 120-க்கு 60-இல் 134.2 செ.மீ. எண் ஒரு மில்லிமீட்டர் முன்பின் வந்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதே முக்கியம். எது நீளமோ அந்த இரு மூலைகளையும் உள்நோக்கித் தள்ளினால் சரியாகும். இரண்டாவது முறுக்கு. நான்கு மூலைகளிலிருந்தும் இரண்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடந்தால் சட்டகம் தட்டையாக இருக்கிறது. இடைவெளி தெரிந்தாலோ ஒன்று மற்றொன்றை அழுத்தி வளைத்தாலோ, ஒரு மூலை தூக்கியிருக்கிறது என்று பொருள்; அதற்கு அடுத்த மூலையின் அடியில் அட்டைத் துண்டுகளை வைத்து உயர்த்தி, அதே நிலையில் காயவிடுங்கள். தரையில் வைத்துச் சட்டகம் கோப்பவர்கள் பலரும் தரையின் கோணலை அப்படியே சட்டகத்துக்கு வாங்கிக்கொடுத்துவிடுகிறார்கள்.

கால்களும் முட்டுகளும்

75 மி.மீ. பட்டைகள் இரண்டை நீளவாக்கில் செங்கோணமாக ஒட்டி ஸ்க்ரூ போட்டால், எடை குறைந்த, எந்தப் பக்கமும் வளையாத கால் கிடைக்கும். நம் உயரத்துக்கு ஒரு காலின் நீளம் 101.8 செ.மீ.; மேல்தளத்தின் 12 மி.மீ.-உம் அடியில் திருகு பாதத்தின் 20 மி.மீ.-உம் சேர்ந்து 105 செ.மீ. ஆகிவிடும். காலின் அடிநுனியில், உள்மூலையில், இரண்டு அங்குலக் கட்டை ஒன்றை 15 செ.மீ. நீளத்துக்கு ஒட்டி, அதன் அடியில் துளையிட்டு டீ நட்டை அடித்து, 8 மி.மீ. போல்ட்டைத் திருகிவிடுங்கள். துளை போல்ட்டின் முழு நீளத்துக்கும் உள்ளே போயிருக்க வேண்டும். இது மட்டம் திருத்தும் பாதம். மாடுலர் கிச்சன் அலமாரிகளுக்கு விற்கும் திருகு பாதங்களும் இதே வேலையைச் செய்யும். அவற்றின் உயரம் வேறு என்பதால் அதற்கேற்பக் காலைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கால்களை மூலைகளில் வைப்பதுதான் வழக்கம். அதைவிட இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைப்பது நல்லது. நம் நீண்ட பகுதியில் அது 48 செ.மீ.; இரு கால்களுக்கு இடையே 144 செ.மீ. மட்டுமே தொங்கும். வெளியே நீட்டிய முனைகளின் எடை நடுப்பகுதியைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பதால் தொய்வு பெரிதும் குறைகிறது. குறுகிய பகுதிக்கு வெளிமுனையில் மட்டும் இரண்டு கால்கள் போதும். மற்ற முனையை நீண்ட பகுதி தாங்கிக்கொள்ளும்.

கால்கள் எவ்வளவு தடித்தாலும் முட்டு இல்லாமல் மேடை ஆடும். காலின் நடுவிலிருந்து நெடுஞ்சட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் ஒரு பட்டையும், பின்கால்கள் இரண்டுக்கும் இடையே குறுக்காக ஒரு பட்டையும் கொடுங்கள். முக்கோணம் உருவான இடத்தில் அசைவு நின்றுவிடும். மிஞ்சிய 12 மி.மீ. துண்டிலிருந்து 20 செ.மீ. முக்கோணங்களை வெட்டி முன்கால்களுக்கும் சட்டத்துக்கும் இடையே பதித்தால், முழங்கால் இடிக்கும் இடத்தில் முட்டு நீட்டிக்கொண்டிருக்காது. இடுப்பால் மேடையை லேசாக இடித்துப் பாருங்கள். மேலே வைத்த ஒரு டம்ளர் தண்ணீர் சிலிர்த்து உடனே அடங்க வேண்டும், முன்னும் பின்னும் அலையக் கூடாது.

மட்டம் பார்த்தல்

இதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய்க்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். ரசமட்டம் தன் நீளத்துக்குள் மட்டுமே உண்மை சொல்லும். அதைத் தூக்கித் தூக்கி வைத்து மூன்று மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு நகர்விலும் சிறு பிழை சேரும். தண்ணீர்க் குழாயிலோ மூலை திரும்பினாலும், நடுவில் தூண் மறைத்தாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஐந்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை மெதுவாக ஏற்றி, உள்ளே ஒரு குமிழ்கூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குமிழ் இருந்தால் காட்டும் மட்டம் தவறாகிவிடும்.

இரண்டு சுவர்களிலும் தரையிலிருந்து ஏறக்குறைய 105 செ.மீ. உயரத்தில் தண்ணீர்க் குழாயால் புள்ளிகள் வைத்து, அவற்றைச் சேர்த்து ஒரு மட்டக்கோடு இழுங்கள். இனி தரையை மறந்துவிட்டு இந்தக் கோட்டை மட்டும் நம்ப வேண்டும். கால்கள் வரும் ஒவ்வொரு இடத்திலும் கோட்டின் உயரத்திலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். எங்கே அளவு மிகக் குறைவோ அங்கேதான் தரை உயரம். கழுவி விடும் வசதிக்காக வாசல் பக்கம் சரித்துப் பூசிய பழைய தரைகளில் இந்த அளவுகளுக்கு இடையே ஒரு செ.மீ.-க்கு மேல் வேறுபாடு வருவது சாதாரணம். உயரமான இடத்தில் நிற்கும் காலின் போல்ட்டை 20 மி.மீ. வெளியே விட்டு நிறுத்தி, அங்கே மேடையின் மேல்மட்டத்தையே கோட்டுக்கான அளவாக வைத்துக்கொண்டு, மற்றக் கால்களின் போல்ட்டுகளை வெளியே திருகி அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சுவருக்கும் மேடைக்கும் இடையே இரண்டு செ.மீ. விடுவது நல்லது; சுவரின் ஈரம் மரத்துக்கு ஏறாது, கரையான் கோடு ஏறினாலும் கண்ணில் படும்.

அகலவாக்கில் பார்க்க ரசமட்டம் போதும். ஆனால் அதையும் சோதித்த பிறகு நம்புங்கள்: ஒரு இடத்தில் வைத்துக் குமிழைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழ் வேறு இடத்தில் நின்றால் கருவியே கோணல்.

இரண்டு பகுதிகளையும் இணைத்தல்

மட்டம் சரியான பிறகே இணைப்புத் துளைகளைப் போட வேண்டும். குறுகிய பகுதியின் முனைச் சட்டத்தையும் நீண்ட பகுதியின் முன்சட்டத்தையும் சேர்த்து, மேலே ஒரு நேரான அலுமினியப் பட்டையை வைத்து, இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றாக இருக்கும்படி சி கிளாம்ப்பால் இறுக்கி, இரண்டு சட்டங்களையும் ஒரே மூச்சில் 8 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். தனித்தனியே துளையிட்டால் தொடக்கத்தில் சொன்ன அந்த அரை மில்லிமீட்டர் இங்கேதான் வந்து சேரும். போல்ட், பெரிய வாஷர், இறக்கை நட் போட்டு முடுக்கினால், பிறகு கழற்றி மாட்டும்போதும் அதே இடத்தில் உட்காரும்.

தண்டவாளம் இந்த இணைப்பை நேராகவும் செங்குத்தாகவும் கடப்பது நல்லது. மேடையின் பின்விளிம்பிலிருந்து 14 செ.மீ. தள்ளிவரும் முதன்மைப் பாதை மூலையில் 45.7 செ.மீ. ஆரத்தில் திரும்பினால், வளைவு 59.7 செ.மீ.-இல், அதாவது இணைப்புக்கு முன்பாகவே முடிந்துவிடும். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டிகள் எச்.ஓ. அளவில் ஏறக்குறைய 24.5 செ.மீ. நீளம் என்பதால் இந்த ஆரத்தில் அவை ஓரம் நீட்டிக்கொண்டு திரும்பும். பார்க்க அவ்வளவு அழகில்லை. அழகுக்காக ஆரத்தை 61 செ.மீ.-ஆகக் கூட்டுபவர்கள் இணைப்பில் தண்டவாளம் சாய்ந்து கடப்பதை ஏற்றுக்கொண்டு, அந்த இடத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

மேல்தளம், ஏற்றம், பள்ளம்

12 மி.மீ. பலகையைச் சட்டகத்தின் மேல் வைத்து, குறுக்குச் சட்டங்களின் பக்கத்தில் ஒட்டிய ரீப்பர் துண்டுகளின் வழியாக அடியிலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். மேல்தளத்துக்கு மட்டும் பெவிக்கால் தடவ வேண்டாம்; இதைக் கழற்ற வேண்டிய நாள் வரும்.

ஆறு, பள்ளம், பாலம் வேண்டும் என்பவர்கள் பலகையை முழுதாக மூடக் கூடாது. பாதையின் இரு பக்கமும் ஜிக்சா ரம்பத்தால் கீறி, பாதைப் பட்டையை மட்டும் உயர்த்தி, கீழே சட்டத்தோடு சேர்த்த முட்டுக்கட்டைகளில் நிறுத்தலாம். கட்டையைக் கிளாம்ப்பில் பிடித்து, உயரம் சரிபார்த்த பிறகே ஸ்க்ரூ. ஏற்றம் தொடங்கும் இடத்தில் பட்டை தானாக வளைந்து ஏறும். அந்த வளைவுக்கு ஒரு பெட்டி நீளத்துக்கு மேல், 30 செ.மீ.-ஆவது விட வேண்டும். இல்லையென்றால் இணைப்புக் கொக்கிகள் ஒன்றை ஒன்று விட்டு நழுவும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதில் ஆசை அதிகம், இடம் குறைவு. 2 சதவீதச் சரிவில் ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. தான் ஏறும். ஒரு பாதை இன்னொன்றின் மேல் தாண்ட, பலகையின் தடிமனையும் சேர்த்து 9 செ.மீ. வேண்டும், அதற்கு நாலரை மீட்டர் ஓட்டம். நம் மேடையில் அது கிடையாது. சரிவை 4 சதவீதமாக்கினால் இடம் பாதியாகும், எஞ்சினும் இரண்டு மூன்று பெட்டிகளுக்கு மேல் இழுக்காது. நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பகுதியில் சரிவு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். அதைப் பல்தண்டவாளம் இல்லாமல் மேடையில் கொண்டுவர நினைக்க வேண்டாம்.

அறுத்த ஓரங்களும் அடிப்பக்கமும் உட்பட மரம் முழுவதற்கும் கரையான் மருந்தும் அதன் மேல் இரண்டு பூச்சு பெயின்ட்டும் அடியுங்கள். அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஒயர் வேலை செய்யும்போது கண்ணுக்கு எளிது. மேலே 5 மி.மீ. கார்க் ஒட்டினால் பிளைவுட் பறையாக அதிரும் சத்தம் குறையும்.

கடைசிச் சோதனைக்கு ஒரு மீட்டர் தண்டவாளத்தை ஒட்டாமல் மேடையில் வைத்து, நன்றாக உருளும் பெட்டி ஒன்றை அதன் மேல் விடுங்கள். இடம் மாற்றி மாற்றி வைத்தாலும் அது அசையாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கமாக உருண்டால், பெட்டியைத் திருப்பி வைத்து மீண்டும் பாருங்கள்; அதே பக்கம் உருண்டால் அந்தப் பக்கத்துக் காலின் போல்ட்டை அரைச் சுற்று வெளியே திருகுங்கள். முதல் வருடம் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகும், மே மாத வெயிலுக்குப் பிறகும் இதே சோதனையைச் செய்து, பாதங்களைத் திருத்தி, இறக்கை நட்டுகளை மறுபடி முடுக்கிவிடுங்கள்.